விளையாட்டு வாத்தியாரை இனி நீங்கள்தான் உருவாக்க வேண்டும்

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, முன்னாள் மாணவர் சங்கத்தினரே, பள்ளி மேலாளர் வாரிய உறுப்பினர்களே,



நம் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மலேசியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை பள்ளிகள் இல்லை. கூரை ஒழுகினால் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். கணினி அறை கேட்டு மனு எழுதுகிறவர்களும், மாணவர் எண்ணிக்கை குறைந்தால் வீடு வீடாகப் போய் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்கிறவர்களும் நீங்களே. இந்த உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஆண்டுக் கூட்டங்களில் கட்டடம் பேசப்படுகிறது, தேர்ச்சி விகிதம் பேசப்படுகிறது. விளையாட்டு என்று வந்தால் விளையாட்டுப் போட்டி நாளுக்குக் கூடாரம் யார் தருவது, சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு, கிண்ணம் வாங்க எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கிண்ணம் வாங்க நம்மிடம் எப்போதும் பணம் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கப்போகும் பிள்ளையை ஆண்டு முழுவதும் திடலில் வைத்து வளர்க்கிற ஆள் யார் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அந்த ஆளைப் பற்றியது இந்த மடல்.

அவரை உங்களில் நாற்பது வயதைக் கடந்த எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களின் பிள்ளை. இடைநிலைப்பள்ளியில் எல்லா ஆட்டமும் ஆடி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனவர். அங்கே காலையில் ஓட்டம், மாலையில் ஹாக்கி, வார இறுதியில் கால்பந்து என்று கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் மூன்று நான்கு ஆட்டங்களுக்குச் சட்டை மாற்றியவர். வேலை கிடைத்ததும் ஏதோ ஒரு தோட்டப் பள்ளிக்கு வந்து, சுண்ணாம்பு வாளியோடு திடலில் கோடு போட்டவர். பயிற்றுநர் என்ற பட்டமோ தனிச் சம்பளமோ இல்லாமலே பயிற்றுநராக இருந்தவர். வயது ஏற ஏற மாவட்டப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தில் செயலாளர், தொழில்நுட்ப அதிகாரி, புறப்பாட நடவடிக்கைத் துணைத் தலைமையாசிரியர் என்று மேசைப் பொறுப்புக்கு நகர்ந்தவர். ஆட்டக்காரர், பயிற்றுநர், நிர்வாகி என்று ஒரே ஆள் மூன்று வாழ்க்கை வாழ்ந்தார். அந்த மூன்றிலும் நம் பிள்ளைகளுக்கு இடம் வைத்திருந்தார்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் படித்த பள்ளியில் அவர் எங்களுக்குக் கணிதமும் சொல்லித் தந்தார். 400 மீட்டரை எப்படிப் பிரித்து ஓட வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். முதல் நூறில் வேகத்தைப் பிடி, அடுத்த நூறில் தோளைத் தளர்த்து, மூன்றாவது நூறில் யாரையும் பார்க்காதே, கடைசி நூறு உன் மனசுக்கு என்பார். குட்டையாக இருந்த பையனிடம் செபாக் தக்ரோ பந்தைத் தருவார். நீளக் கால்காரியைத் தாண்டச் சொல்வார். கொஞ்சம் பருத்த பிள்ளையைக் கேலி செய்ய விடாமல் அதன் கையில் குண்டைக் கொடுத்து எறியச் சொல்வார். ஒதுங்கி நின்ற பிள்ளை என்று அவர் திடலில் ஒன்றும் கிடையாது. அவர் பணி ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு அப்படி ஒருவர் வரவில்லை. உங்கள் பள்ளியிலும் இதே கதை இருக்கும்.

அந்தத் தலைமுறை எப்படி உருவானது என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டால்தான் மறுபடி உருவாக்க முடியும். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்தால் பிற்பகலில் பெரும்பாலோருக்கு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வாக இருந்தது. லயத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. புல்லை வெட்டுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குத் தோட்டம் கால்பந்துக் குழு இருந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒரே திடலில் ஆடினார்கள். அப்பா ஆடுவதைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றான். வறுமை இருந்தது, கங்காணியின் அதட்டல் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நேரம், திடல், பார்த்துக் கற்க ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன.

அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 1950களிலும் 60களிலும் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதச் சந்தா கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகள் வந்தன. நம் மக்கள் ஈப்போவின் விளிம்புக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், அம்மாவுக்குப் பேரங்காடியில் வேலை. இன்று நம் பள்ளிகள் பலவற்றின் பெயரில் மட்டும் தோட்டம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றித் தோட்டம் இல்லை, சாயங்காலம் இல்லை, திடலில் பெரியவர் இல்லை. தோட்டம் இழந்ததற்கு நாம் கண்ணீர் விட்டோம், நாடகம் போட்டோம், கவிதை எழுதினோம். தோட்டத்தோடு போன விளையாட்டுப் பயிற்சியை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

மேடைகளில் நாம் சில பெயர்களைத் தவறாமல் சொல்கிறோம். தாப்பாவின் எம். இராஜாமணி 1964ஆம் ஆண்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966ஆம் ஆண்டில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே பாங்காக்கில் டாக்டர் மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றார். அந்த ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இரண்டும் இவர்களுக்கே போயின. நாட்டின் தலைசிறந்த ஆண், பெண் விளையாட்டாளர்கள் என்று முதலில் எழுதப்பட்ட இரண்டு பெயர்களும் தமிழ்ப் பெயர்கள். இதைச் சொல்லிக் கைதட்டுகிறோம், சரிதான். கைதட்டிய பிறகு ஒன்றைக் கேளுங்கள்: ஓட்டம் முடிந்த பிறகு இவர்கள் என்ன செய்தார்கள்?

ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 16 வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடியவர். 1964, 1968 ஒலிம்பிக் இரண்டிலும் 200 மீட்டர் அரையிறுதிக்குப் போனவர். மெக்சிக்கோவில் அவர் ஓடிய 20.92 வினாடி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தேசியச் சாதனையாக நின்றது. இத்தனையும் மருத்துவம் படித்துக்கொண்டும் மருத்துவராகிக்கொண்டும் செய்தது. அதற்குப் பிறகு அவர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநரானார், சுகாதாரத் துறையில் துணைத் தலைமை இயக்குநரானார். ஆசிய, காமன்வெல்த் விளையாட்டு அமைப்புகளில் மருத்துவக் குழுப் பொறுப்புகளில் பல்லாண்டுகள் இருந்து, ஊக்கமருந்துக்கு எதிரான வேலையில் நாட்டின் முகமாக நின்றார். ஓடி வென்றது ஒன்பது ஆண்டுகளுக்குள் முடிந்தது. ஓடுகிறவர்களுக்காக உழைத்தது ஒரு வாழ்நாள்.

நம் ஈப்போவின் எம். கராத்துவைப் பாருங்கள். பேராக்கிற்கும் நாட்டுக்கும் கால்பந்து ஆடினார். ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்றுநரானார். இளைஞர்களே களைத்துப்போகும் அந்த வேலையை முதிர்ந்த வயதிலும் விடாமல், 2011ஆம் ஆண்டில் கிளந்தான் குழுவை சூப்பர் லீக் வெற்றியாளராக்கினார். கால்பந்து வெறிகொண்ட ஒரு கிழக்குக் கரை மாநிலம் ஈப்போத் தமிழர் ஒருவரின் சொல்லைக் கேட்டு ஆடியது. ஆட்டக்காரராக மட்டும் நின்றிருந்தால் அவர் கதை 1970களோடு முடிந்திருக்கும்.

கடல் தாண்டி இன்னொருவரையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ் மத்திய கல்லூரி மாணவராக உயரம் தாண்டத் தொடங்கி, 17 வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குப் போனார். 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1962ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் வெள்ளி. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தார், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார், ஆப்பிரிக்காவில் சியரா லியோனிலும் நைஜீரியாவிலும் பணியாற்றினார். அதோடு நிற்கவில்லை. போரால் சிதைந்த வடபகுதிக்குத் திரும்பத் திரும்ப வந்து, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதையும் அங்குள்ள விளையாட்டுக்காகப் பேசுவதையும் முதுமை வரை செய்தார். 2024ஆம் ஆண்டில் காலமானார். தங்கம் வென்றவர் என்பதற்காக மட்டும் அல்ல, தாண்டக் கற்ற மண்ணுக்குத் திரும்பி வந்து தாண்டக் கற்றுக்கொடுத்ததற்காகவும் யாழ்ப்பாணம் அவரை நினைக்கிறது.

இந்த மூவரும் நமக்குச் சொல்வது ஒன்றே. பதக்கம் தருவது ஒரு நாள் பெருமை. பதக்கம் வாங்கியவரோ வாங்காமல் போனவரோ திடலுக்குத் திரும்பி வந்து அடுத்தவரை வளர்த்தால்தான் ஒரு சமுதாயத்துக்கு விளையாட்டு இருக்கிறது என்று சொல்ல முடியும். நாம் வீரர்களைக் கொண்டாடுகிறோம். அவர்களைத் திடலுக்குத் திருப்பி அழைக்கிற வழியை நாம் அமைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் சொன்ன விளையாட்டு வாத்தியார் ஓர் ஆட்டத்தில் மட்டும் கரைகண்டவர் அல்லர். பல ஆட்டம் ஆடியவர். இது தற்செயலாக அமைந்ததல்ல. தென்னகத்தில் உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலுக்கே வித்திட்டவர்களில் ஒருவர் ஹேரி குரோ பக். அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் கல்லூரியில் பயின்று சென்னைக்கு வந்த அவர், 1920ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. அந்த மரபில் பயின்ற ஆசிரியர் எல்லா ஆட்டத்தையும் ஆடியிருக்க வேண்டும், கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும், நடுவராக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு போட்டியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் அதே எதிர்பார்ப்பு இருந்தது. ஆகவேதான் ஒரே ஆளால் ஒரு பள்ளியின் மொத்தப் பிள்ளைகளுக்கும் வழிகாட்ட முடிந்தது.

இன்றைய அறிவியலும் அதையே சொல்கிறது. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2015ஆம் ஆண்டில் இளம் விளையாட்டாளர் வளர்ச்சி பற்றி வெளியிட்ட கூட்டறிக்கை, பிள்ளைகளுக்குப் பலவகை விளையாட்டு அனுபவம் வேண்டும் என்று வலியுறுத்தியது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டில், ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொன்னது. எட்டு வயதிலேயே ஒரே ஆட்டத்துக்குள் பிள்ளையை அடைத்தால் அதே மூட்டு, அதே தசை திரும்பத் திரும்பத் தேய்கிறது. ஆட்டத்தின் மீதே சலிப்பும் வருகிறது. நம் கல்வி அமைச்சு 2011ஆம் ஆண்டில் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டு வந்தது. ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது என்பது அதன் நோக்கம். குறைந்தது ஒன்று என்று அமைச்சு சொன்னதை நாம் ஒன்று போதும் என்று ஆக்கிக்கொண்டோம்.

இங்கேதான் நம் சிறிய பள்ளிகளைப் பற்றி நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் பள்ளிகளில் பல, 150 மாணவர்களுக்கும் குறைவானவை. முப்பது நாற்பது பிள்ளைகளே உள்ள பள்ளிகளும் உண்டு. "இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு?" என்று கூட்டங்களில் நீங்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். எண்ணிப் பாருங்கள். பதினொரு பேர் வேண்டிய கால்பந்துக்கு ஒரே வயதில் ஆள் கிடைக்காது, உண்மை. அஞ்சல் ஓட்டத்துக்கு நால்வர் போதும். செபாக் தக்ரோவின் ஓர் அணிக்கு மூவர் போதும். நீளம் தாண்டவும் குண்டு எறியவும் ஒருவர் போதும். பெரிய பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளில் அறுபது பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் கொட்டகையில் அமர்ந்து கைதட்டுவார்கள். சிறிய பள்ளியில் எல்லாப் பிள்ளையும் ஆடியே ஆக வேண்டும். ஒரே பிள்ளை ஓடவும் தாண்டவும் பந்தை உதைக்கவும் வேண்டும். பெரிய பள்ளிகள் திட்டம் போட்டு உருவாக்க வேண்டிய பல்துறைப் பயிற்சி நம் சிறிய பள்ளிகளில் தானாகவே இருக்கிறது. வழிகாட்ட ஒருவர் இல்லாததால் மட்டுமே அது வீணாகிறது.

வழிகாட்டி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈப்போவின் ஷெரின் சாம்சன் வல்லபாய் சாட்சி. அவருடைய தந்தையும் தாயும் நாட்டுக்காக ஓடியவர்கள். மகள் அமெரிக்காவின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடி, பெண்கள் 400 மீட்டரில் தேசியச் சாதனையாளரானார். வீட்டிலேயே இரண்டு ஓட்டக்காரர்கள் இருக்கிற பிள்ளைக்கு வழி தெரிகிறது. ஷிப்ட் முடிந்து களைத்து வருகிற பெற்றோரின் பிள்ளைக்கு அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றார். அப்படி ஒரு போட்டி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு பிள்ளையின் கால் எதற்கு ஏற்றது என்பதைப் பெற்றோர் அறிய மாட்டார்கள். பல ஆட்டம் அறிந்த கண் ஒன்று அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

இனி என் மனக்குறைகளைச் சொல்கிறேன். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உடற்கல்விப் பாடவேளை. யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்த காலம் முழுவதும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் உடற்கல்வி நேரம் பயிற்சித் தாள்களுக்குப் போனது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் கொடுத்தார்கள். "ஏழு ஏ" எண்ணிக்கையைப் பதாகையில் போட வேண்டும் என்ற ஆசை நம் எல்லாரிடமும் இருந்தது. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது. அந்தக் காரணம் போய்விட்டது. ஆனால் அந்தப் பாடவேளை இன்னும் பல பள்ளிகளில் பிள்ளைகளுக்கு முழுமையாகத் திரும்பவில்லை. அது அட்டவணையில் எழுதப்பட்ட அவர்களின் உரிமை. உரிமையைத் திருப்பிக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

இரண்டாவது, திடல். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இருந்த ஒரே சமதரையில் வாகனம் நிறுத்தக் கொட்டகை போட்டார்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டும் வைத்தார்கள். பிள்ளைகள் இப்போது தார்ச்சாலை ஓரம் ஓடுகிறார்கள். எந்தப் பெற்றோரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஒரு வகுப்பறையை எடுத்துக்கொண்டிருந்தால் நாம் கொதித்து எழுந்திருப்போம். திடலும் ஒரு வகுப்பறைதான்.

மூன்றாவது, மேசை. மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் யார் தேர்வுக்குழுவில் அமர்கிறார்கள், எந்தத் தேதியில் தேர்வோட்டம், எந்தத் திடலில், பேருந்து எந்தப் பள்ளி வழியாகப் போகும் என்பதெல்லாம் கூட்டங்களில் முடிவாகிறது. ஒதுக்குப்புறத்துச் சிறுபள்ளியின் பிள்ளை காலை ஏழரைக்கு ஈப்போத் திடலுக்கு எப்படி வந்து சேரும் என்று கேட்க அந்த மேசையில் ஒருவர் வேண்டும். முன்பு நம் விளையாட்டு வாத்தியார்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். அவர்கள் சலுகை கேட்டதில்லை. விவரம் தெரிந்து பேசினார்கள், அதனால் கேட்கப்பட்டது. அவர்கள் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கு நாம் அடுத்தவரைத் தயார் செய்யவில்லை. பிறர் நம்மை ஒதுக்கினார்கள் என்று இதைப் பேசி முடித்துவிடாதீர்கள். காலியாக விட்ட நாற்காலியில் வேறொருவர் அமர்வது இயல்பு.

உங்களிடமிருந்து என்ன மறுமொழி வரும் என்று எனக்குத் தெரியும். "முதலில் படிப்பு" என்பீர்கள். படிப்புதான் நம்மை லயத்திலிருந்து வெளியே கொண்டு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு என்பதை மறந்துவிடுகிறோம். ஒலிம்பிக் அரையிறுதி ஓடிய ஜெகதீசன் மருத்துவர், ஆசியத் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கம் முனைவர் என்பதையும் மறந்துவிடுகிறோம். "பெண் பிள்ளையை வெயிலில் விடுவதா?" என்பீர்கள். அறுபதுகளின் தாப்பாவிலிருந்து ஒரு பெண் ஓடி ஆசியத் தங்கம் வென்றிருக்கிறார். இன்று அதைவிடக் கட்டுப்பாடாக நம் வீட்டுப் பெண்ணை வளர்ப்பது எந்த நியாயம்? "ஆசிரியர்களுக்கு ஏற்கனவே வேலைப் பளு" என்பீர்கள். உண்மை. இணையப் பதிவுகளும் அறிக்கைகளும் அவர்களை அழுத்துகின்றன. அந்தப் பளுவைத் தனியாகச் சுமக்கச் சொல்லாமல் நீங்களும் தோள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு விளையாட்டு வாத்தியாரை வளர்த்தெடுக்கப் பொறுப்பேற்க வேண்டும்.

உங்கள் முன்னாள் மாணவர்களில் பள்ளி, கல்லூரி, மாநில அளவில் ஆடியவர்கள் இருக்கிறார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள், சிலர் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேடிப் பிடியுங்கள். தேசியப் பயிற்றுநர் அகாடமி நடத்தும் விளையாட்டு அறிவியல் முதல் நிலைச் சான்றிதழ் வகுப்புக்கு அவர்களை அனுப்புங்கள். கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். கிண்ணங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். பிறகு தலைமையாசிரியரின் அனுமதியோடு, உடற்கல்வி ஆசிரியருக்குத் துணையாக, வாரத்தில் சில மாலைகளை அவர்களிடம் கொடுங்கள். ஆறாம் ஆண்டுவரை எந்தப் பிள்ளையையும் ஒரே ஆட்டத்துக்கு ஒதுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டம், தாண்டல், எறிதல், பந்து எல்லாம் எல்லாருக்கும் வேண்டும்.

தனியாக முடியாத சிறு பள்ளிகள் பக்கத்துப் பள்ளிகளோடு சேருங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளுக்கு ஒரு பொதுத் திடல், தாப்பா, பீடோர் பக்கத்துக்கு ஒன்று, தெலுக் இந்தானுக்கு ஒன்று என்று நாலைந்து பள்ளிகள் கூடினால் ஒரு கால்பந்து அணியும் உருவாகும், ஒரு ஹாக்கி அணியும் உருவாகும். அந்தக் கூட்டை 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் ஒரு கழகமாகப் பதியுங்கள். பதிவு இருந்தால்தான் மானியம் கேட்கலாம், சங்கங்களின் கூட்டத்தில் உரிமையோடு அமரலாம். சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கி நடக்கும் நகரம் நம் ஈப்போ. உலக அணிகள் வந்து ஆடும் திடலுக்கு அருகில் வாழ்ந்துகொண்டு நம் பிள்ளைக்கு ஒரு ஹாக்கி மட்டையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குறை நம்முடையது.

நீங்கள் வளர்க்கும் இளைஞரைத் திடலோடு நிறுத்திவிடாதீர்கள். நடுவர் தேர்வு எழுதச் சொல்லுங்கள். நேரக் கணக்காளராக, தொடக்க அதிகாரியாக மாவட்டப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். உங்கள் சங்கச் செயலவையில் விளையாட்டுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி அதில் அவரை அமர்த்துங்கள். கணக்கு எழுதவும் கூட்டக் குறிப்பு எடுக்கவும் கடிதம் வரையவும் அவர் அங்கே கற்கட்டும். பத்தாண்டில் அவர் மாவட்ட மேசையில் அமரத் தகுதி பெறுவார். நிர்வாகி என்பவர் வானத்திலிருந்து இறங்குவதில்லை, இப்படித்தான் உருவாகிறார்.

இதை யார் சொல்லித் தருவது என்று திகைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதில், ஈப்போவின் தாமான்களில், பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பாருங்கள். பொன்னாடை போர்த்தி ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். எப்படிப் பயிற்சி தந்தீர்கள், பிள்ளையை எதை வைத்து அடையாளம் கண்டீர்கள், மன்றத்தில் எப்படி வாதாடினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய புகைப்படங்களையும் போட்டி நிரல்களையும் பிரதி எடுங்கள். நம் தோட்ட வரலாற்றில் சஞ்சிக்கூலியின் துயரம் எழுதப்பட்டிருக்கிறது, தொழிற்சங்கப் போராட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு வாளியோடு திடலில் நின்றவரின் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அவர்களோடு அது போய்விடக் கூடாது. உங்கள் புதிய பயிற்றுநருக்கு அந்தப் பதிவே முதல் பாடநூலாக இருக்கட்டும்.

உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தில் நான்கு வரி போதும்: உடற்கல்விப் பாடவேளை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கப்படாது. பள்ளித் திடல் வேறு எதற்கும் மாற்றப்படாது. இந்த ஆண்டுக்குள் இருவர் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புக்கு அனுப்பப்படுவர். செயலவையில் விளையாட்டுக்கு ஓர் இடம் இருக்கும். நிறைவேற்றிய தீர்மானத்தைப் பக்கத்துப் பள்ளிக்கும் அனுப்புங்கள். 134 பள்ளிகளில் முப்பது பள்ளிகள் தொடங்கினாலே மாநிலம் முழுவதும் அறுபது பேர் இருப்பார்கள். ஓடிய கால்களும் கற்பிக்கும் பொறுமையும் மேசையில் பேசும் விவரமும் கொண்ட அறுபது பேர். தோட்டம் நமக்கு அறியாமலே தந்ததை இந்த முறை நாம் அறிந்தே செய்வோம். முதல் பெயரை உங்கள் பள்ளியிலிருந்து எழுதுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
பேராக் தோட்டப் பள்ளியொன்றின் முன்னாள் மாணவன்
ஈப்போ